பாப்பா, ஆயின்மென்ட்ட நிறுத்தாதம்மா

பாப்பா,

நேத்து வீடியோ கால்ல நீ முடிய ஒதுக்கினப்ப காதுக்குப் பின்னாடி பார்த்தேன், கருப்பு குர்த்தி தோள்ல வெள்ளை வெள்ளையா உதிர்ந்து கெடந்தது, நீ டக்குனு தட்டிவிட்டுட்டு பேச்ச மாத்திட்ட. 19 வருஷமா நானும் அப்படித்தானம்மா தட்டிவிட்டுட்டு ஆபீஸ் போனேன். இது எங்கிட்டருந்து உனக்கு வந்ததுன்னு நெனச்சாலே மனசு கெடந்து அடிச்சிக்குது.

வயித்த சுத்தம் பண்ணா சொரியாசிஸ் தானா போயிடும்னு யாரோ வீடியோல சொன்னான்னு ஆயின்மென்ட்ட நிறுத்திட்டேன்னியே, அதான் இத உக்காந்து எழுதறேன்.

குடலுக்கும் தோலுக்கும் சம்பந்தமே இல்லன்னு நான் சொல்லல. 1930லயே ஸ்டோக்ஸ், பில்ஸ்பரின்னு அமெரிக்க ஸ்கின் டாக்டருங்க ரெண்டு பேரு மனசு, குடல், தோல் மூணையும் முடிச்சுப் போட்டு எழுதியிருக்காங்க. நாம சாப்பிடற நார்ச்சத்த குடல்ல இருக்கற பாக்டீரியா நொதிக்க வச்சு பியூட்டிரேட்னு ஒண்ண உண்டாக்குது, அது குடல் சுவருக்கு பலம், நம்ம எதிர்ப்பு சக்தி அனாவசியமா நம்ம மேலயே பாயாம இருக்கவும் ஒத்தாசை பண்ணுது. குரோன்ஸ்னு குடல் புண்ணு வியாதி இருக்கறவங்களுக்கு சொரியாசிஸும் மத்தவங்கள விட அதிகமா வருது. ஆனா பாரு, உடம்புல செவப்பையும் வீக்கத்தையும் தூண்டிவிடற ஐஎல் 17ங்கற புரதத்த அடைக்கற ஊசி சொரியாசிஸுக்கு அவ்ளோ நல்லா கேக்குது, அதையே குரோன்ஸுக்கு போட்டுப் பார்த்தா குணமாகல, சில பேருக்கு இன்னும் மோசமாச்சு. அப்போ குடல சரி பண்ணா தோல் சரியாயிடும்னு அந்த ஆள் சொல்ற மாதிரி நேர் ரோடு எங்கம்மா இருக்கு? நாளைக்கு டாக்டர் ஊசின்னு சொன்னா உன் வயித்துக் கோளாற மறைக்காம சொல்லணும், அதுக்குத்தான் இத்தனையும் சொல்றேன்.

நீ நாலாவது படிக்கறப்ப நான் ஆஸ்பத்திரில இருந்தது ஞாபகம் இருக்கா? ஒருத்தர் பொட்டலத்துல மாத்திரை குடுத்தாரு, மூணு மாசத்துல தோல் பளபளன்னு ஆயிடுச்சு, அந்த சந்தோஷத்துல நானே நிறுத்திட்டேன். பத்தே நாள்ல உடம்பெல்லாம் செவந்து சின்னச் சின்னதா சீழ் கொப்புளம், குளிர் ஜுரம், மின்விசிறி காத்து பட்டாக்கூட எரியும். உள்ள ஸ்டீராய்டு கலந்திருக்கணும், அத திடீர்னு விட்டா இப்படித்தான் ஆகும்னாங்க டாக்டர். அம்மா பெரம்பூர் வீட்டு மொட்டை மாடில தெனம் பெட்ஷீட்ட உதறி உதறி அழுவா. உன்னுது வெறும் ஆயின்மென்ட்தான், ஆனாலும் டாக்டர கேக்காம நீயா எதையும் நிறுத்தக்கூடாது.

நல்ல பாக்டீரியான்னு விக்கற அந்த ப்ரோபயாடிக் கேப்சூல் டப்பாவுக்கு மாசா மாசம் காசக் கொட்டாத. எக்ஸிமாங்கற இன்னொரு தோல் வியாதிக்கு நடந்த ஆராய்ச்சியெல்லாம் சேத்து 2018ல காக்ரேன்னு மருத்துவ ஆராய்ச்சிகள அலசற அமைப்பு பார்த்ததுல ப்ரோபயாடிக்னால பெருசா வித்தியாசம் தெரியல. கீரை, சுண்டல், கேழ்வரகுன்னு சாப்பிடு, ராத்திரி சோத்துல தண்ணி ஊத்தி வச்சு காலைல மோரும் சின்ன வெங்காயமும் போட்டுக்கோ, மருந்துன்னு இல்ல, வயித்துக்கு இதமா இருக்கும். நான் 84 கிலோலருந்து 76க்கு வந்தப்புறம் எனக்கு முழங்கைல தடிப்பு நல்லாவே கொறஞ்சுது.

இன்னொண்ணு. நேத்து தண்ணி பாட்டில் மூடிய திறக்க முடியாம ரூம்மேட்கிட்ட நீட்டினியே, அதுலருந்து எனக்கு அதே நெனப்புதான். காலைல எழுந்ததும் விரல் வெறைச்சிக்குதா, வீங்குதா? சொரியாசிஸ் மூட்டுக்கும் போகும்மா, விட்டுட்டா மூட்டு கெட்டுப்போயிடும். இந்த வாரமே டாக்டர்ட்ட விரல காட்டிட்டு எனக்கு போன் பண்ணு, ராத்திரி எத்தன மணியானாலும் பரவால்ல.

அப்பா