எழுதி வாங்கிய தாள் போதாது. நீதிமன்ற உத்தரவு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணவர் வீட்டில் அடிபட்ட பெண் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனால், பெரும்பாலும் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி, 'இனி இப்படி நடக்காது' என்று கணவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். அந்தத் தாளை அவர் மறுவாரமே மீறினாலும், மீறியதற்காகத் தண்டனை கிடையாது. ஆனால், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மாஜிஸ்திரேட் தரும் பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை. ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் அது.

இதற்கு மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரைப் பார்க்க வேண்டும். நடந்ததை அவர் குடும்ப நிகழ்வு அறிக்கையாகப் பதிந்து நீதிமன்றத்துக்கு அனுப்புவார். நேரடியாகவும் மனு செய்யலாம். தாய் வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தால் அந்த ஊர் நீதிமன்றமே போதும். வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

மனு சறுக்குவது பெரும்பாலும் எழுதும் விதத்தில்தான். 'அடிக்கடி கொடுமை செய்தார்' என்று எழுதினால் நீதிபதிக்கு ஒன்றும் விளங்காது. எந்தத் தேதி, எதைக் கொண்டு அடித்தார், உடம்பில் எங்கே பட்டது, யார் பார்த்தார்கள் என்று எழுத வேண்டும். ஜீவனாம்சம் மட்டும் கேட்டுவிட்டு, வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்ற உத்தரவையும், நகை, சான்றிதழ்களைத் திருப்பித் தரும் உத்தரவையும் கேட்காமல் விடுகிறார்கள். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும், தம்பதி அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால் வசிப்புரிமை கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கிவிட்டது. முதல் விசாரணை 3 நாளில், தீர்ப்பு 60 நாளில் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் இழுத்துக்கொண்டே போகிறது. ஆகவே பிரிவு 23-இன் கீழ் இடைக்கால உத்தரவு கேட்டு, படிவம் 3-இல் பிரமாணப் பத்திரத்தையும் மனுவோடு சேர்த்தே கொடுங்கள். எதிர்த்தரப்பு வராமலே அந்த உத்தரவைப் பிறப்பிக்க முடியும்.

இன்னொன்று, மருத்துவமனையில் சொல்லும் வார்த்தை. பயத்தில் 'வழுக்கி விழுந்துவிட்டேன்' என்று சொன்னால் விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறிவிடும். பிறகு குறுக்கு விசாரணையில் முதலில் எடுத்துக் காட்டப்படுவது அந்த வரிதான். அடித்தது யார், எதைக் கொண்டு என்று மருத்துவரிடம் சொல்லி, பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும்.

இந்த வழிகளையெல்லாம் புகார் தரும் பெண்ணுக்குச் சொல்வது காவல் துறையின் கடமை என்கிறது இதே சட்டத்தின் பிரிவு 5. சமரசம் பேச நேரம் ஒதுக்கும் நிலையங்கள் இதை ஏன் சொல்வதில்லை? ஒவ்வொரு மகளிர் காவல் நிலைய வாசலிலும், 181 உதவி எண்ணோடு அந்த மாவட்டப் பாதுகாப்பு அலுவலரின் தொலைபேசி எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிவைக்க அரசு உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
சட்ட உதவித் தன்னார்வலர்கள்