17 ஆம் அத்தியாயத்தில் வரும் மாமா

திருகோணமலை

அன்பு மகள்,

நீ அனுப்பிய சிறுவர் நாவலின் 22 அத்தியாயங்களையும் அம்மாவும் நானும் வாசித்துவிட்டோம். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு 3 புள்ளி குறைந்த பிள்ளை, வலையும் தோணியும் வைத்திருக்கும் சம்மாட்டியிடம் கடன்பட்ட தகப்பன், கிண்ணியா ஊர்ச் சினேகிதி என்று நல்ல பொருள் கையில் இருக்கிறது. ஆனால் 17 ஆம் அத்தியாயத்தில் கொழும்பு மாமா வந்து கடனைக் கட்டிவிட்டுப் போகிறார். அந்த இடத்தோடு கதை பிள்ளையின் கையை விட்டுப் போகிறது. மாமாவை எடுத்துவிடு மகள்.

9 வயதுக்கும் 12 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் நாவலைக் கையில் எடுப்பது, தங்களைப் போன்ற ஒருத்தி என்ன செய்யப் போகிறாள் என்று பார்க்கத்தான். பெரியவர் வந்து தீர்த்து வைத்தால் அதுவரை அவள் பட்ட பாடெல்லாம் வீண். அதற்காக அவளே கடனை அடைத்தாள் என்று எழுதினாலும் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அவளால் முடிந்தது எது, முடியாதது எது என்று முதலில் ஒரு தாளில் எழுது. காசு கட்ட முடியாது. தோணியில் போக விடமாட்டார்கள். ஆனால் ஒரு கொப்பியில் ஒவ்வொரு நாளும் எத்தனை பெட்டி மீன், என்ன விலை, அப்பாவுக்கு வந்த பங்கு எவ்வளவு, கடனுக்கென்று கழித்தது எவ்வளவு என்று எழுதிவர முடியும். ஒரே தொகை இரண்டு தரம் கழிபட்டிருப்பதைக் கண்டுபிடிக்க முடியும். புள்ளி குறைந்தவள் என்று ஊர் சொன்ன பிள்ளை கணக்கிலே பிழை பிடிக்கிறாள். உன் முதல் அத்தியாயமும் கடைசி அத்தியாயமும் அங்கேதான் முடிச்சுப் போடும். கடன் முழுக்கத் தீராமல் இருக்கட்டும். எவ்வளவு குறைகிறதோ, அது அவளால் குறைந்ததாக இருக்கட்டும்.

அவள் ஒரே அடியில் வெல்லவும் கூடாது. முதல் முயற்சி அறியாமையால் தோற்க வேண்டும்: வலைக்கும் தோணிக்கும் உரிய பங்கை முதலில் எடுத்துவிட்டுத்தான் மிச்சத்தைப் பிரிப்பார்கள் என்று தெரியாமல் கணக்குப் போட்டு, எல்லார் முன்னாலும் வெட்கப்படுகிறாள். இரண்டாவது அவளுடைய சொந்தக் குற்றத்தால் தோற்க வேண்டும்: சம்மாட்டியின் கணக்குப் புத்தகத்தைக் களவாக எடுக்கிறாள், பழி சினேகிதி மேல் விழுகிறது. மூன்றாவது முயற்சிக்கு முன் நான்தான் எடுத்தேன் என்று அவள் வாயாலேயே சொல்ல வேண்டும். வளர்வது என்று நீ எழுத நினைப்பது இந்த இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில்தான் நடக்கும். அதற்கு நாலு அத்தியாயம் கொடு, அவசரப்படாதே.

வயதையும் மாற்று. பிள்ளைகள் தங்களைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவரைப் பற்றி வாசிக்கத்தான் விரும்புவார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு 10 வயது. 12 வயதுக்காரி அவளைச் சின்னப் பிள்ளை என்று தள்ளிவிடுவாள். கதையை ஏழாம் வகுப்பில் தொடங்கு. 200 இல் அந்த 3 புள்ளி ஆறாத பழைய காயமாக உள்ளே கிடக்கட்டும்.

இனி ஊர்ப் பிழைகள். இங்குள்ள பிள்ளை வாசித்தால் முதல் பக்கத்திலேயே பிடித்துவிடும். உப்புவெளிக் கரையில் சூரியன் கடலுக்குள் இறங்குவதாக எழுதியிருக்கிறாய். அங்கே கடலில் உதிக்கும், ஊர்ப்பக்கம் மறையும். தண்ணீருக்கு மேலே அந்தி வேண்டுமென்றால் அவளை உட்துறைமுகக் கரைக்கு அனுப்பு. மார்கழியில் கரைவலை, அதாவது கரையில் நின்று கயிறு பிடித்து இழுக்கும் பெரிய வலை, இழுப்பதாக எழுதியிருக்கிறாய். வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும்போது இந்தப் பக்கம் யார் வலை வளைப்பது? சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை வைத்துக்கொள். வலை கிட்ட வர வர இரண்டு கயிற்றையும் இழுப்பவர்கள் ஒருவரையொருவர் நெருங்கி வருவார்கள், மீன் சேரும் மடி கரை ஏறும்போது பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். சண்டை பிடித்த இரண்டு சினேகிதிகளையும் ஆளுக்கொரு கயிற்றில் நிறுத்திப் பார், ஒரு வசனமும் தேவைப்படாது. கிண்ணியாவுக்குப் பாதையில், அதாவது ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவையில், கடப்பதாக வருகிறது. 2009 இல் பாலம் திறந்த பிறகு அது இல்லை. அம்மம்மாவின் சிறுவயதுக் கதையாகச் சொன்னால் பாதையை வைத்திருக்கலாம்.

சுனாமி அத்தியாயத்தில் பிள்ளைகள் பள்ளிச் சீருடையோடு ஓடுகிறார்கள். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா என்னும் பௌர்ணமி தினம், பள்ளி விடுமுறை. அதைவிட முக்கியமாக, உன் வாசகர் அப்போது பிறக்கவே இல்லை. அலையை நேரே காட்டாதே. அம்மம்மா இன்றைக்கும் இரவில் கடற்பக்கக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை, ஏன் என்று பிள்ளை கேட்கிறாள், அவ்வளவு போதும். பயங்கரத்தை ஒளிக்கச் சொல்லவில்லை. 9 வயதுப் பிள்ளை தனியே படுக்கையில் வாசிக்கும், ஆகவே அந்த அத்தியாயம் முடியும்போது அவளருகில் ஒருவர் இருக்க வேண்டும்.

நாலாம் அத்தியாயத்தில் திடீரென்று தாயின் மனதுக்குள் போகிறாய். பிள்ளைக்குத் தெரியாததை வாசகருக்கும் சொல்லாதே. தாய் அழுதாள் என்பதை, காலையில் அவள் கண் வீங்கியிருப்பதாகவும் சீனி போட மறந்த தேத்தண்ணியாகவும் காட்டு. பேச்சில் "வாறன்", "என்னெண்டு" எல்லாம் நன்றாக இருக்கிறது. கதை சொல்லும் குரலில் மட்டும் பாடப்புத்தகத் தமிழ் தடுமாறாமல் ஓடட்டும். இரண்டும் கலந்தால் சின்ன வாசகர் வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கும்.

நீளம் 40,000 சொல்லைத் தாண்டுகிறது. ஆங்கிலத்தில் இந்த வயதுக்கு அது வழக்கமான அளவு. தமிழில் சொல்லோடு சொல் ஒட்டுவதால் அதே கதைக்குச் சொற்கள் குறையும். 25,000 போதும்: 20 அத்தியாயம், ஒவ்வொன்றும் 1,250 அளவில்.

திருத்தியதும் அங்குள்ள மூன்று பிள்ளைகளுக்கு உரக்க வாசி. நல்லாயிருக்கா என்று கேட்காதே, ஓம் என்றுதான் சொல்வார்கள். அத்தியாயத்தின் நடுவில் நிறுத்தி, இனி அவள் என்ன செய்வாள் என்று கேள். ஒருவரும் பதில் சொல்லாவிட்டால் அவள் மேல் அக்கறை இன்னும் வரவில்லை. மூவரும் ஒரே பதிலைச் சொன்னால் வழி முன்கூட்டியே தெரிகிறது. எங்கே நெளிகிறார்களோ அந்த வரிக்குப் பென்சிலால் கோடு போடு.

முழுவதையும் காத்திருந்து அனுப்பாதே. 17 ஐ மாமா இல்லாமல் எழுதி அதை மட்டும் முதலில் அனுப்பு, அம்மாவும் பார்த்துக்கொண்டிருக்கிறா.

அன்புடன்
அப்பா