டிரைவருக்கும் ஒரு பாய் விரியுங்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். ஒரு வாரமாக டிக்கோயாவில் பனிமூட்டம் விலகவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, பயப்படும்படி இல்லை.

யாழ்ப்பாணத்தில் உங்கள் குழுவின் நகைச்சுவை நிகழ்ச்சிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது என்று நீ சொன்னதும் எங்களுக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று எழுதுவது! கண்டியில் உன் ஸ்டாண்ட்-அப் நிகழ்ச்சியைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தவன் நான். முதல் இரண்டு நிமிடம் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒலிவாங்கியின் வயரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றாய். சின்ன வயதில் பாடம் ஒப்பிக்கும்போது பாவாடை நாடாவைச் சுற்றுவாயே, அதே மாதிரி. பிறகு நம் தோட்டத்து லயன் வீடுகளின் குழாயடிச் சண்டையைச் சொன்னாய், மண்டபமே குலுங்கியது. என் பக்கத்திலிருந்த யாரோ ஓர் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அது என் மகள்" என்று சொல்ல வாய் வரை வந்தது.

ஆனால் அன்று தொலைபேசியில் நீ போகிறபோக்கில் ஒன்று சொன்னாய். வேன் டிரைவர் அண்ணன் பின்னால் நின்று கடைசிவரை சிரித்துக்கொண்டிருந்தார் என்றாய். நிகழ்ச்சி முடிந்து இரவு 10 மணிக்கே புறப்பட்டு, விடிவதற்குள் ஹட்டன் வந்துவிட்டோம் என்றும் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சரியான உறக்கம் இல்லை.

அந்த மனிதர் அதிகாலை 5 மணிக்கு ஹட்டனில் வேனை எடுத்தவர். நீங்கள் மேடையில் நின்ற நேரத்தில் அவர் படுத்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கே 321 கிலோமீற்றர். வன்னியில் பாதை நேராகக் கிடக்கும், கண்ணைக் கட்டும். அதைத் தாண்டி, ஆள் களைத்து ஓய்ந்த பிறகுதான் கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை என்று வளைவுகள் தொடங்கும். அதுவும் இரவு 2 மணிக்கும் விடிகாலை 5 மணிக்கும் இடையில். உடம்பு தன்னை அறியாமல் உறங்கப் பார்க்கும் நேரம் அது. கொத்மலை கெரண்டி எல்லவில் 2025 மே 11 அன்று பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததும் விடிகாலையில்தான். காரணம் எதுவாக இருந்தாலும், அந்த நேரத்து மலைப்பாதை சின்னத் தவறைக்கூடப் பொறுக்காது.

இதுவரை அம்மாவுக்குக்கூடச் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். நான் பஸ் ஓட்டிய காலத்தில் ஓர் இரவு, கினிகத்தேனை இறக்கத்தில், கண் திறந்திருந்தபடியே உறங்கிவிட்டேன். இடது பக்கச் சில்லு சரளைக்கல்லில் ஏறிய சத்தத்தில்தான் விழித்தேன். கண்டக்டர் என் தோளைப் பிடித்திருந்தார். பின்னால் நாற்பது பேர், ஒருவருக்கும் தெரியாது. அன்று ஓய்வில்லாமல் இரண்டாம் முறை ஓட்டச் சம்மதித்தவன் நான்தான்.

அறிகுறிகளைத் தெரிந்து வைத்துக்கொள். பேசிக்கொண்டு வந்தவர் திடீரென்று பேச்சை நிறுத்துவார். கண்ணாடியை இறக்குவார், பாட்டின் சத்தத்தைக் கூட்டுவார், பிடரியைத் தேய்ப்பார். எதிரே வாகனம் வந்தும் பெரிய விளக்கைத் தாழ்த்தத் தாமதிப்பார். அப்போது வெறும் தேநீர் வாங்கிக் கொடுத்து, "இன்னும் கொஞ்சத் தூரம்தான் அண்ணே" என்று சொல்லிவிடாதே. ஓரமாக நிறுத்தச் சொல். அரை மணி நேரமாவது அவர் உறங்கட்டும். வெளிச்சமான கடையடியில் நிறுத்துங்கள், நீங்களும் பெண்பிள்ளைகள்.

அதைவிட நல்லது, அங்கேயே தங்கிக் காலையில் புறப்படுவது. ஆளுக்குக் கிடைக்கும் பணம் கொஞ்சம் குறையும், குறையட்டும். அறை எடுக்கும்போது டிரைவருக்கும் சேர்த்து எடுங்கள். எத்தனையோ ஊர்களில் பயணிகள் நல்ல அறைகளில் படுக்க, நான் ஸ்டியரிங்கில் தலை வைத்துக் கிடந்திருக்கிறேன். நிகழ்ச்சி முடிந்து நீங்கள் கொத்து ரொட்டி சாப்பிடும் மேசையில் அவரையும் உட்காரச் சொல்.

அடுத்த மாதம் மட்டக்களப்பு என்றாய். பதுளை, பிபிலை வழியாகப் போனால் இறக்கத்தைப் பகலிலேயே முடித்துவிடுங்கள். இறக்கத்தில் சின்ன கியரில் போகச் சொல், பிரேக் கருகும் வாசனை வந்தால் உடனே நிறுத்தச் சொல்.

அம்மா இலவம்பஞ்சில் ஒரு தலையணை தைத்து வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கொழும்பு பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். அது வேனில் முன் இருக்கையிலேயே இருக்கட்டும், டிரைவருக்கு.

அன்புடன்,
அப்பா