நிருபராகத் தொடங்கியவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவின் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழை நடத்திய கேதரின் கிரஹாமைக் கணவர் விட்டுச்சென்ற நாற்காலியில் உட்கார்ந்தவர் என்றே பலரும் எழுதுகிறார்கள். வருத்தமாக இருக்கிறது. இளம் வயதில் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர் தகராறுக்குச் செய்தி சேகரித்த நிருபர் அவர். கணவர் இறந்தபின், 1963-இல் நிர்வாகத்துக்கு வந்தார்.

1971 ஜூன். நிறுவனப் பங்குகள் அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்தன. வியட்நாம் போர் பற்றிய பென்டகன் (அமெரிக்கப் பாதுகாப்புத் துறை) ரகசிய ஆவணங்களை வெளியிட்டால் நிறுவனமே ஆட்டம் காணும் என்று வழக்கறிஞர்கள் எச்சரித்தார்கள். வீட்டில் விருந்து நடந்துகொண்டிருந்தது. தொலைபேசியைப் பிடித்தபடியே, வெளியிடச் சொல்லிவிட்டார். வெளியீட்டைத் தடுக்க அரசு தொடுத்த வழக்கில், அதே மாதம் 30-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றமும் பத்திரிகைகள் பக்கமே நின்றது.

வரவு செலவு மட்டும் தெரிந்தவருக்கு அந்தத் துணிவு வந்திருக்குமா? இனி அவரைப் பற்றி எழுதும்போது அந்தத் துறைமுக நாட்களையும் சேர்த்து எழுதுங்கள்.

– ஒரு வாசகர், மதுரை