பனியன் துணியின் பிழைகளுக்குப் பொதுவான படத்தொகுப்பு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூரில் பதினெட்டு ஆண்டுகளாகத் துணிச் செக்கிங் பிரிவில் பணிபுரிபவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

துணியின் பிழைகளைக் கணினியே கண்டறியும் மென்பொருளைத் திட்டப்பணியாகச் செய்ய விரும்பும் பொறியியல் மாணவர்கள் ஆண்டுதோறும் எங்களைத் தேடி வருகிறார்கள். அவர்கள் மடிக்கணினியில் வைத்திருப்பவை பெரும்பாலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் படங்களே. ஜெர்மனியில் உருவாகி 2019-இல் வெளிவந்த ‘எம்விடெக்’ தொகுப்பில் 15 வகைப் பொருள்களின் 5,000-க்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. அவற்றில் கம்பளம் உண்டு, தோல் உண்டு, மரம்கூட உண்டு. பனியன் துணி இல்லை.

நெய்த துணியில் நீளவாட்டு நூலான பாவும் குறுக்கு நூலான ஊடையும் ஓரளவு நிலையாக நிற்பதால், அந்த ஒழுங்கை திரும்பத் திரும்ப வரும் வடிவங்களைக் கண்டறியும் ஃபூரியர் கணக்கின் மூலம் பிரித்தறிந்து, ஒழுங்கு கலையும் இடத்தைப் பிழையெனக் குறிப்பது எளிது. பனியன் துணி போன்ற பின்னல் துணியோ இழுத்த பக்கமெல்லாம் நீளும். ரோலிலிருந்து பிரியும்போதே நூல் வளையங்களான கண்ணிகள் சாய்ந்துவிடும். வட்டப் பின்னல் இயந்திரத்தில் ஓர் ஊசி பழுதானால் அதன் கோடு துணியின் நீளம் முழுவதும் இறங்கும் என்றாலும், சாயம் ஏறும்வரை அது கண்ணில் படாமலே போவதும் உண்டு. அனுபவப்பட்ட செக்கிங் பெண்கள் துணியை வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பார்த்தே, இது ஊசிக்கோடு, இது வெறும் மடிப்பு என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் நிறுவனம் வாங்கிய கேமரா கருவி ஒவ்வொரு மடிப்புக்கும் அலறியதால், மூன்றே மாதத்தில் அதன்மேல் துணி போர்த்திவிட்டோம் (அதுவும் பிழையால் ஒதுக்கப்பட்ட செகண்ட்ஸ் துணிதான்).

கணினிப் பார்வைத் துறையில் 2012-இல் டொரண்டோ பல்கலைக்கழகத்தாரின் ‘அலெக்ஸ்நெட்’ என்னும் படமறியும் மென்பொருள் பெற்ற வெற்றிக்குப் பின்னால், 1,000 வகைகளாகப் பெயரிடப்பட்ட ஏறத்தாழ 12 லட்சம் படங்கள் இருந்தன. அப்படிப் பெயரிடும் வேலையை நம் ஊர்ப் பெண்கள் அன்றாடம் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். துணியின் தரத்தை மதிப்பிடும் நான்கு புள்ளி முறையில், 3 அங்குலம் வரையுள்ள பிழைக்கு 1 புள்ளி, 9 அங்குலத்தைத் தாண்டினால் 4 புள்ளி என்று ரோல்தோறும் சீட்டு எழுதுகிறார்கள். ஆர்டர் முடிந்ததும் அந்தச் சீட்டுகள் குப்பைக்குப் போய்விடுகின்றன.

ஒவ்வொரு பிழையையும் ஒரே வகை வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, நூலின் கவுண்ட் (பருமன் அளவு), துணியின் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டரின் கிராம் எடை), சாயத்துக்கு முன்பா பின்பா என்னும் விவரங்களுடன் சேமித்தால் போதுமானது. 1956 முதல் கோவையில் இயங்கிவரும் சிட்ரா (தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம்) போன்ற பொது ஆராய்ச்சி அமைப்பு இத்தொகுப்பைப் பராமரிப்பது பொருத்தமாக இருக்கும். பிழைகள் வெளியே தெரிந்தால் துணி வாங்கும் பையர் கைவிட்டுப் போய்விடுவார் என்று முதலாளிகள் அஞ்சுவது நியாயமே. ஆலையின் பெயரையும் பையரின் பெயரையும் நீக்கிவிட்டு, பிரிண்ட் இல்லாத வெறும் துணியிலிருந்து தொடங்கினால் அந்த அச்சம் பெரிதும் குறையும். பிழையை அடையாளம் காட்டும் பெண்களுக்கு அதற்கெனத் தனிக் கூலி தருவதும் அவசியம். அவர்களுடைய கண்ணைத்தான் கணினி கடன் வாங்கப் போகிறது.

கல்லூரிகளும் மாணவர்களைப் பிப்ரவரியில் அவசரமாக அனுப்பாமல், ஆண்டின் தொடக்கத்திலேயே ஒரு வாரம் செக்கிங் மேசையருகே உட்கார வைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செக்கிங் பிரிவு மேற்பார்வையாளர் ஒருவர்,
அவிநாசி.