புகைப்படக் காப்பகத்தைத் திறந்து விடுங்கள்: கலை வரலாற்றுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர் அவர்களுக்கும், பட்டமேற்படிப்புக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

பருவ விடுமுறையின்போது துறையின் புகைப்படக் காப்பகம் பூட்டப்பட்டதையும், அதிலிருந்த அட்டைப் பெட்டிகளும் ஸ்லைடு (ஒளி பாய்ச்சித் திரையில் காட்டும் சிறு ஃபிலிம் படம்) இழுப்பறைகளும் அடித்தளக் கிடங்குக்கு இறக்கப்பட்டதையும், அந்த அறை கலந்தாய்வுக் கூடமாக மாற இருப்பதையும் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, முடிவெடுத்தவர்கள் தாங்களே. தேவையான படங்கள் எல்லாம் இணையத்திலேயே கிடைக்கின்றன என்று கதவில் ஒட்டப்பட்ட அறிவிப்பு காரணம் கூறுகிறது. எந்தப் பெட்டிகள் காக்கப்படும், எவை கழிக்கப்படும் என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. முனைவர் பட்ட ஆய்வாளர்கள் பலரின் சார்பில் எழுதப்படும் இம்மடலின் கோரிக்கை ஒன்றே: காப்பகத்தைத் திறந்து விடுங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் எடுத்து முடிக்கும் வரை ஒரு பெட்டியைக்கூடக் கழிக்காதீர்கள்.

இழுப்பறைகளில் இருந்த ஸ்லைடுகளில் பெரும்பகுதி, வகுப்பில் காட்டுவதற்காக நூல்களிலிருந்து நகலெடுக்கப்பட்டவை என்பதை நாங்கள் அறிவோம். அவற்றில் பல நிறம் வெளிறிச் செந்நிறம் படர்ந்துவிட்டன. ஸ்லைடு காட்டும் கருவிகளின் தயாரிப்பைக் கோடாக் நிறுவனமே 2004ஆம் ஆண்டில் நிறுத்திவிட்டது. கலை வரலாற்றறிஞர் ஹைன்ரிஹ் வொல்ஃப்லின் காலத்தைப் போல இரண்டு படங்களை அருகருகே திரையில் வீழ்த்தி ஒப்பிட்டுப் பாடம் நடத்த இன்று எவருக்கும் அந்தக் கருவி தேவையில்லை. ஆகவே நூல் நகல்களைக் கழிப்பதாக அறிவித்திருந்தால் எங்களில் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டோம். ஆனால் அதே அறையில், இத்துறையின் முன்னாள் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் களத்திற்குச் சென்று தாமே எடுத்து, அட்டையில் ஒட்டி, பின்புறத்தில் இடமும் நாளும் பார்வைக் கோணமும் குறித்து வைத்த கறுப்பு வெள்ளைப் படங்களும் இருக்கின்றன. அவை வேறெங்கும் இல்லாதவை. இந்த வேறுபாடு கலை வரலாற்றின் முதலாண்டு மாணவருக்குத் தெரியும். அறிவிப்பை எழுதியவருக்கு ஏன் தெரியவில்லை என்பதுதான் எங்களுக்கு விளங்கவில்லை.

இதனால் நேர்ந்த இடரை ஒரே ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். எங்களோடு ஆய்வு செய்யும் தோழி ஒருவர் சுவரோவியங்கள் பற்றி எழுதுகிறார். அவருடைய மூன்றாம் இயல் முழுவதும் ஒரு சுவரைச் சுற்றியே அமைந்தது. அந்தச் சுவர் இன்று வெள்ளையடிக்கப்பட்டுவிட்டது. வெள்ளையடிப்பதற்கு முந்தைய நிலையைக் காட்டும் படங்கள் நம் காப்பகத்தின் ஒரு பெட்டியில் இருந்தன. சென்ற பருவத்தில் அவற்றைப் பார்த்தவர், நினைவுக்காக முன்பக்கத்தை மட்டும் கைபேசியில் எடுத்து வைத்தார். முறையான குறிப்புகளை விடுமுறைக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் எண்ணியதில் தவறேதும் இல்லை, ஏனெனில் காப்பகம் பூட்டப்படும் என்று எவரும் அவருக்குச் சொல்லவில்லை. இப்போது அவர் கையில் ஓவியத்தின் உருவம் இருக்கிறது. அது எந்த ஆண்டில், யாரால், சுவரின் எந்தப் பகுதியில் எடுக்கப்பட்டது என்பதற்கான சான்று கிடங்கில் இருக்கிறது. நாள் தெரியாத படத்தை வைத்து, ஓவியம் எப்போது வரை முழுமையாக இருந்தது என்று வாதிட முடியாது. புறத்தேர்வாளர் வாய்மொழித் தேர்வில் கேட்கப்போகும் முதல் கேள்வியே அதுதான் என்று அவருடைய நெறியாளரும் சொல்லிவிட்டார். தோழி அலுவலகத்திற்கு விண்ணப்பித்தார். பெட்டி எண்ணைக் குறிப்பிட்டால் தேடித் தர முயல்வதாகப் பதில் வந்தது. பெட்டி எண்கள் எழுதப்பட்டிருந்த பதிவேடும் அதே கிடங்கில்தான் இருக்கிறது என்பதைச் சுட்டிக்காட்டி அவர் மீண்டும் எழுதினார். கோரிக்கை பரிசீலனையில் உள்ளதாம். அந்தப் பரிசீலனை முடியும் வரை அவருடைய உதவித்தொகைக் காலம் காத்திருக்கப்போவதில்லை. அதை நீட்டிக்க வேண்டுமானால் ஆய்வில் முன்னேற்றம் காட்ட வேண்டும் என்பது தங்கள் குழு வகுத்த விதி. முன்னேற்றத்திற்கு வேண்டியதைப் பூட்டிவிட்டு முன்னேற்றம் எங்கே என்று கேட்பது எந்த வகை நியாயம் என்பதைத் தாங்களே சொல்ல வேண்டுகிறேன்.

பழைய படங்களின் மதிப்பு ஆய்வேட்டின் அடிக்குறிப்போடு முடிந்துவிடுவதும் இல்லை. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்டு 2008ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தால் வாங்கப்பட்ட நடராசர் திருமேனி, 2014ஆம் ஆண்டில் திரும்பி வந்தது. அது அந்தக் கோயிலுக்கு உரியதுதான் என்பதை நிறுவ உதவியவை, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் காப்பகத்தில் இருந்த பழைய புகைப்படங்கள். எடுத்தவர்கள் வழக்கு ஒன்றை மனத்தில் வைத்து அவற்றை எடுக்கவில்லை. ஒரு திருமேனியை ஆவணப்படுத்த வேண்டும் என்று எடுத்தார்கள், எடுத்ததைக் கழிக்காமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். இதற்கு நேர்மாறான கதையும் நாம் வகுப்பில் படிப்பதே. ஓவியர் ராபர்ட் கில் அஜந்தாவில் ஆண்டுக்கணக்கில் தங்கி, அங்குள்ள குகைச் சுவரோவியங்களைப் பார்த்து வரைந்த பிரதிகளில் பெரும்பாலானவை 1866ஆம் ஆண்டில் லண்டன் கிரிஸ்டல் அரண்மனைத் தீயில் எரிந்தன; அதன் பின் ஜான் கிரிஃபித்ஸ் தலைமையில் மீண்டும் வரையப்பட்ட பிரதிகளிலும் பல 1885ஆம் ஆண்டில் தெற்குக் கென்சிங்டன் தீயில் போயின. மூலம் சிதைந்துகொண்டிருக்கும்போது பிரதிகளும் அழிந்தால் பின்னால் வருபவர்களுக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதை முதுநிலை மாணவர்களுக்குக் கற்பிக்கும் துறை இது.

இணையத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அறிவிப்பு அதையே சாக்காகக் காட்டுகிறது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017ஆம் ஆண்டு முதல் தன் படங்களில் பல லட்சத்தைக் கட்டணமின்றி வழங்குகிறது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் அதற்கும் முன்பே அந்த வழியில் இறங்கியது. நாங்கள் அவற்றை நாள்தோறும் நன்றியோடு பயன்படுத்துகிறோம். எனினும் அருங்காட்சியகம் தன்னிடம் உள்ள பொருளைத்தான் படமெடுத்துப் போடும். வெள்ளையடிக்கப்பட்ட சுவர் எந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலும் இல்லை. சந்தா கட்டிப் பார்க்கும் தரவுத்தளங்களோ நமக்குச் சொந்தமானவை அல்ல. 2004ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஆர்ட்ஸ்டோர் என்னும் கலைப்படத் தரவுத்தளம் 2024ஆம் ஆண்டில் தன் தனித்தளத்தை மூடிக்கொண்டு, ஆய்விதழ்த் தளமான ஜேஸ்டோருக்குள் கலந்துவிட்டது. இத்தகைய முடிவுகளை எடுப்பவர்கள் நம் துறையைக் கேட்டுவிட்டு எடுப்பதில்லை. காகிதப் படங்களுக்கு எண்ம (டிஜிட்டல்) பிரதி ஒருபோதும் முழு மாற்றாகாது என்று ஃபுளோரன்ஸிலுள்ள கலை வரலாற்று ஆய்வு நிறுவனம் 2009ஆம் ஆண்டிலேயே ஒரு பிரகடனம் வெளியிட்டது. மேலும், நம் பெட்டிகளுக்கு எண்மப் பிரதி என்று ஒன்று எடுக்கப்படவே இல்லையே! இல்லாத பிரதியைக் காட்டி இருக்கும் மூலத்தை அகற்றுவதற்குப் புதுமையாக்கம் என்று பெயர் வைத்திருக்கிறது துறை.

புதுமைக்கு நாங்கள் எதிரிகள் அல்லர். புதிய கலந்தாய்வுக் கூடத்தில் எதைப் பற்றிக் கலந்தாய்வோம் என்ற கவலை மட்டும் எங்களுக்கு உண்டு. ஒருவேளை அங்கே கண்ணாடிச் சுவர் அமையுமானால், ஆய்வு செய்யப் பொருளில்லாத ஆய்வாளர்களை வருவோர் போவோர் வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். சேர்க்கைக்கான துறையின் கையேட்டில், ஒளிமேசைமீது குனிந்து ஸ்லைடுகளைப் பார்க்கும் மாணவர்களின் படம் இன்னும் அச்சாகிறது என்பதையும் தங்கள் கவனத்திற்குக் கொண்டு வருகிறேன். அந்த ஒளிமேசை இப்போது பெட்டிகளுக்கு அடியில் கிடக்கிறது. பார்த்தறியாத படத்தைக் காட்டி, காலமும் பாணியும் சொல்லச் சொல்லும் தகுதித் தேர்வு மட்டும் மாறாமல் தொடர்கிறது. ஆய்வுக்கு இரண்டு அயல்மொழிகள் வேண்டும் என்கிறீர்கள், கற்கிறோம். இளநிலை வகுப்புகளின் விடைத்தாள்களைக் கட்டுக்கட்டாகத் தருகிறீர்கள், திருத்துகிறோம். கட்டுரையில் ஒரு படத்தை வெளியிடும் உரிமைக்கான கட்டணத்தைக்கூட எங்கள் கைப்பணத்திலிருந்தே செலுத்துகிறோம். இவை ஒவ்வொன்றுக்கும் தனி மடல் எழுதலாம். இம்மடல் காப்பகத்துக்கானது என்பதால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

1933ஆம் ஆண்டின் இறுதியில், நாஜிகளின் ஆட்சியிலிருந்து காப்பாற்றுவதற்காக, கலை வரலாற்றறிஞர் ஆபி வார்பர்க் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் உருவாக்கிய நூலகத்தின் ஏறத்தாழ 60,000 நூல்களையும் புகைப்படச் சேகரிப்பையும் கப்பலேற்றி லண்டனுக்குக் கொண்டு சென்றார்கள். நாம் இன்றும் படித்து மேற்கோள் காட்டும் ஒரு மரபு அப்படித்தான் பிழைத்தது. நம் காப்பகத்துக்கு அத்தகைய பகை எதுவும் நேரவில்லை. இடநெருக்கடி ஒன்றுதான் நேர்ந்தது. அதற்கே இரண்டு மாடிகளுக்குக் கீழே, காற்றோட்டமில்லாத ஈரக் கிடங்கில் கொண்டுபோய் அடுக்கிவிட்டோம். ஃபிலிமும் புகைப்படத் தாளும் ஈரத்தில் எவ்வளவு விரைவாகப் பூஞ்சை பிடிக்கும் என்பதைப் பாதுகாப்பியல் பாடம் நடத்தும் தங்களுக்கு நான் எடுத்துச் சொல்வது முறையாகாது. ஆயினும் மழைக்காலம் வருகிறது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

எனவே பணிவோடு மீண்டும் கேட்கிறோம்: காப்பகத்தைத் திறந்து விடுங்கள். பழைய அறையைத் தர இயலாதென்றால் ஈரமில்லாத வேறோர் அறையில் திறவுங்கள். நாள் முழுவதும் இயலாதென்றால் வாரத்தில் இரண்டு பிற்பகல்களேனும் திறவுங்கள். பட்டியல் எடுக்க ஆளில்லை என்று அலுவலகம் கூறுவதாக அறிகிறோம். அந்தப் பணியை ஆய்வாளர்களாகிய நாங்களே ஊதியமின்றிச் செய்து தருகிறோம். நூல் நகல்களைத் தனியே பிரித்து, கழிக்கத்தக்கவை எவை என்பதையும் குறித்துக் கொடுப்போம். அதற்கு எங்களுக்கு வேண்டியவை பதிவேடும் கிடங்கின் சாவியும் மட்டுமே. பட்டமேற்படிப்புக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதைப் பொருளாக எடுத்துக்கொண்டு, முடிவை எழுத்து வடிவில் தெரிவிக்குமாறும், அதற்கு முன்பாகவே எங்கள் தோழி தமக்குரிய பெட்டியைப் பார்வையிட அனுமதி வழங்குமாறும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கலை வரலாற்றுத் துறையின் முனைவர் பட்ட ஆய்வாளர்கள் சார்பில்,
அவர்களுள் ஒருவர்