கண்மாய்க்குள் ஒரு சிவப்புத் திட்டு

காரைக்குடி
பங்குனி 3

அன்புள்ள அலமு,

நீ தீபாவளிக்கு எழுதியதற்குப் பங்குனியில் பதில். கோபித்துக்கொள்ள உனக்கு முழு உரிமை உண்டு. படித்து முடித்துவிட்டுக் கோபித்துக்கொள். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. தம்பிக்கு இன்னும் பெண் அமையவில்லை. முறுக்கு வாத்தியார் உன்னை விசாரித்தார், வழக்கமான கேள்வியோடுதான்.

எழுத வந்தது கருவேலத்தைப் பற்றி.

நம் பக்கத்துக் கண்மாய்களில் சீமைக்கருவேலம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று வரைபடம் போட்டுத்தர ஒப்புக்கொண்டேன் அல்லவா? சென்டினல் செயற்கைக்கோளின் மே மாதப் படத்தை எடுத்தேன். படத்தின் ஒரு பிக்சல், அதாவது ஒரு புள்ளிக் கட்டம், தரையில் 10 மீட்டர். கோடையில் எல்லாம் காய்ந்து கிடக்கும்போதும் பச்சையாக நிற்பது சீமைக்கருவேலம் என்பது என் கணக்கு. என்ன நிற்கிறது என்று தெரிந்த இடங்களை மாதிரிப் புள்ளிகளாக எடுத்து, அவற்றை வைத்துப் படம் முழுவதையும் வகைப்படுத்தினேன், சரிபார்த்தேன். துல்லியமும் நன்றாகவே வந்தது. வரைபடத்தில் சீமைக்கருவேலத்துக்குச் சிவப்பு நிறம்; ஒரு கண்மாயின் நடுவில் பெரிய சிவப்புத் திட்டு விழுந்தது. முழுவதும் வெட்டலாம் என்று அறிக்கையில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

போன வாரம்தான் அந்தத் திட்டுக்கு நடந்து போனேன். தண்ணீர் கணுக்கால் அளவுக்கு இறங்கியிருந்தது. மரம் முழுக்கக் கூடு, அலமு! நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், இன்னும் பறக்கத் தெரியாத குஞ்சுகள். அடியெல்லாம் சுண்ணாம்பு கொட்டியதுபோல எச்சம். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் இரண்டு காய்களை என் கையில் வைத்தார். ஒன்று மஞ்சளாக, பட்டையாக, நீளமாக. மற்றொன்று சாம்பல் பூத்து, மணி கோத்தாற்போல இடையிடையே இறுகியிருந்தது. மஞ்சளைத் தொட்டு, “இது சீமை. அங்கே நிற்பது நம் கருவேலம், ஆத்தா” என்றார்.

அன்று இரவே புள்ளிகளைத் திறந்து பார்த்தேன். அத்தனையும் சாலையோரத்தில் எடுத்தவை. அங்கே இருப்பதெல்லாம் சீமைக்கருவேலம். நாட்டுக்கருவேலம் என்ற வகையே என் பட்டியலில் இல்லை. சரிபார்த்ததும் அதே சாலையோரத்துப் புள்ளிகளை வைத்துத்தான்; பிறகு துல்லியம் வராமல் என்ன செய்யும்?

நீ உடனே ஜெர்மன் புவியியலாளர் கார்ல் ட்ரோலை இழுப்பாய்: 1939-இல் நிலத்தோற்றச் சூழலியல் என்று இந்தத் துறைக்கு அவர் பெயர் வைத்ததே விமானப் படங்களைப் பார்த்துத்தான் என்று. மறுக்கவில்லை. கூடு கண்மாயில், இரை வயலில். இரண்டையும் சேர்த்துப் பார்க்க மேலே போய்த்தான் ஆக வேண்டும். அதற்காகவே கூட்டு மரங்களைச் சுற்றி 2 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர் வட்டங்கள் போட்டு, எந்த மாதம் எந்தக் கண்மாயில் தண்ணீர் நிற்கிறது, நெல் எங்கே நிற்கிறது என்று பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். ஆனால் வட்டத்தின் நடுவில் நிற்கும் மரம் எது என்று எந்தப் படமும் எனக்குச் சொல்லவில்லையே.

அறிக்கையைத் திருப்பிக் கேட்டேன். வெட்டும் வேலைக்கு மதிப்பீடு போட்டாகிவிட்டதாம், வெட்டும்போது பார்த்துக்கொள்ளலாமாம். அரிவாளோடு வருகிறவனுக்குக் காயை யார் காட்டுவது? கொள்ளுக்குடிப்பட்டி கிராமத்தில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. அந்த ஊர்க் கண்மாய்கள் 1977 முதல் பறவைகள் சரணாலயம். இந்தக் கண்மாய்க்கு அப்படி ஒரு காவலும் இல்லை. இதைப் பற்றி இருக்கிற ஒரே காகிதம் நான் கொடுத்த தப்பான வரைபடம். அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

ஆகவே உடனே வா. ஜி.பி.எஸ். கருவியோடு ஒவ்வொரு மரக்கூட்டமாக நடந்து குறிக்க வேண்டும். பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அக்டோபர் முதல் மே வரையிலான படங்களை ஒன்றாக அடுக்கினால் இரண்டு கருவேலங்களும் பிரியுமா என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். உன் ஆய்வுக்கூடத்துக் கருவி கிடைத்தால் எடுத்து வா, என்னுடையது மர நிழலில் தடுமாறுகிறது. வெள்ளிக்கிழமை ரயிலில் ஏறினால் சனிக்கிழமை விடியலில் ஸ்டேஷனில் நிற்பேன். பழைய செருப்பு போட்டுக்கொண்டு வா, முள் இரண்டுக்கும் உண்டு.

அன்புடன்,
உமையாள்